கெட்டிக் கூழ் ஊற்றிய ஆடி

மூன்று மடக்கு. பித்தளை டம்ளரில் பாதிக்கும் குறைவு. சோற்றுப் பானையின் மேலே தெளிந்து நின்ற நீராகாரம், ஒரு கல் உப்பு போட்டு விரலால் கலக்கியது.

சித்திரை மாதம். காலை எட்டு மணிக்கே ஜன்னல் கம்பி சுட்டது. என் மனைவி கன்னியம்மா, தலைப்பக்கம் உயர்த்தும் இரும்புக் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் அவள் சொல் கேட்காமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூக்கில் ஒரு குழாய். அதன் மறுமுனை காதுக்குப் பின்னால் பிளாஸ்திரியில் ஒட்டியிருந்தது. சாப்பாடு, மருந்து, தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான். வாய்க்கு வேலையில்லை.

மருமகள் மகேஸ்வரி பால் வாங்கப் போயிருந்தாள். கன்னியம்மா இடது கையைத் தூக்கிக் கட்டை விரலை உதட்டில் வைத்தாள். பிறகு அதே கையால் சமையலறைப் பக்கம் காட்டினாள். அங்கே பானை இருந்தது. எனக்குப் புரிந்தது. கோடைக்காலத்தில் அவளுடைய நாள் அந்தப் பானையிலிருந்துதான் தொடங்கும். டீயெல்லாம் அதற்குப் பிறகு.

வாய்வழியாக எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளை என் நோட்டின் முதல் பக்கத்தில் நானே ஒட்டியிருந்தேன். ஆனால் அவர்கள் சொன்னது சோறு, இட்லி, பிஸ்கட் போன்றவற்றைத்தான் என்று என் மனம் எனக்கு வசதியாக ஒரு பொருள் சொல்லிக்கொண்டது. இது வெறும் தண்ணீர். இதைவிட மெலிசு எது?

குடித்தாள். இருமவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இடது கால் கட்டை விரல் லேசாக ஆடியது. நாக்குக்குப் பிடித்தது கிடைத்தால் அவளுக்கு அந்த விரல் ஆடும். கல்யாணமான புதிதில் நான் கண்டுபிடித்தது, அவளுக்கே தெரியாது.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நோட்டில் எழுதவில்லை.

தேதி மாற்றும் வேலை

நான் ஒன்றை எழுதாமல் விட்டேன் என்றால், இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நான் கிளை அஞ்சலகம் நடத்தினேன். ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு தேதி முத்திரை. காலையில் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. மாற்றியதும் ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி, எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஒன்பது மணிக்கு என் வலது கை எதையோ தேடும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. நேற்றைய தேதியை இன்று குத்தக்கூடாது. கடிதம் ஒரு நாள் பிந்தினால் பிந்தியதாகவே போகட்டும். முன்தேதி போட்டால் அது பொய் சாட்சி.

ஊரில் எந்தப் பிள்ளை எந்த வருஷம் பிறந்தது, ஏரி எந்த வருஷம் நிரம்பிக் கலங்கல் போனது என்று சந்தேகம் வந்தால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். எல்லாம் நோட்டில் இருக்கும். என் வாசிப்புப் பழக்கமும் அஞ்சலகத்தில் வந்ததுதான். ஊரில் ஒரே ஒரு தலைமையாசிரியர் வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். வியாழக்கிழமை தபால் பையில் வரும். சுற்றியிருக்கும் தாளைக் கிழிக்காமல் உருவி, மத்தியானத்துக்குள் படித்து, மறுபடி சொருகி, சாயங்காலம் அவர் வீட்டில் சேர்த்துவிடுவேன். வருஷக்கணக்கில் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று என் கழுத்தில் மாலை போட்டுவிட்டுச் சொன்னார்: "தொடர்கதை நடுவுல பொரி துண்டு கெடக்கும்பா. கன்னியம்மா வறுத்ததுனு தெரியும், அவ்ளோ நல்லா இருக்கும்."

கன்னியம்மா காவாந்தண்டலத்துப் பெண். நோட்டு என்றாலே அவளுக்குச் சிரிப்பு. "மழ பெய்யிது வா, துணி எடுக்கலாம்னா, எத்தினி மணிக்கு பெய்யிதுனு எழுதிக்கினு குந்தினு கீறாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

பங்குனியில் ஒரு காலை, நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துழாவு கட்டையைக் கீழே போட்டாள். போட்டதை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வீட்டுக்கு வந்ததும் அவளுக்கென்று புது நோட்டு ஒன்று தொடங்கினேன்.

ஐந்து கட்டம் போட்டேன். மணி. என்ன கொடுத்தது. எத்தனை மில்லி. எப்படி இருந்தாள். யார் கொடுத்தது. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'ம' என்றுதான் இருக்கும், மகேஸ்வரி. சில வரிகளில் 'நான்'.

இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். அந்த நோட்டில் மணி இருக்கிறது, தேதி இல்லை. வாழ்நாள் முழுக்கத் தேதி மாற்றியவன், அந்த மாதங்களில் ஒரு பக்கத்திலும் தேதி போடவில்லை. அடுத்த இரண்டு மணி நேரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது போலும். அதனால் இந்த அத்தியாயத்தில் மாதத்துக்கு மேல் நுணுக்கமாக என்னால் சொல்ல முடியாது.

படி ஏறுவது எப்படி

எங்கள் பக்கத்தில் நோயாளி எழுந்துகொள்வதற்கு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். முதலில் கஞ்சித் தண்ணீர். அது ஒத்துக்கொண்டால் நொய்க் கஞ்சி. பிறகு குழைந்த சோறு, மிளகு ரசம். அப்புறம் ஒருநாள் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார் என்றால் தெருவே "தேறிட்டாரு" என்று சொல்லிவிடும். கீழ்ப்படி மெலிசு, மேல்படி கெட்டி. என் அம்மா டைபாய்டில் கிடந்து எழுந்தபோது இந்தப் படிகளில்தான் ஏறினாள். குமரன், என் மகன், மஞ்சள் காமாலையிலிருந்து ஏறியதும் இப்படித்தான்.

பழைய பத்திரிகை மருத்துவப் பகுதிகள் எத்தனையோ படித்திருக்கிறேன். எதிலும் இந்தப் படிக்கட்டைத் தலைகீழாக வைத்து நான் பார்த்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் டம்ளரை எடுத்தேன். ஒருநாள் அல்ல. மறுநாளும், அதற்கடுத்த இரண்டு நாளும். மகேஸ்வரி பாலுக்குப் போகிற கால்மணி நேரம் எங்கள் இருவருக்கும் சொந்தம். கன்னியம்மா மருமகளின் செருப்புச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து கட்டை விரலை உதட்டில் வைப்பாள். திருட்டு மாங்காய் தின்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தோம். உண்மையைச் சொன்னால், அந்த மாதத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த நான்கு காலைகள்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. இருட்டுவதற்குள் மறுபடி செங்கல்பட்டு.

எழுதாத வரி

நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கிறது, உணவோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வாய்வழியாக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். மகேஸ்வரி இல்லை என்றாள். நான் நோட்டை நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி அவர் பார்த்ததில்லையாம். குழாயில் கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் கட்டிலை உயர்த்தி வைத்தீர்கள் என்று கேட்டார். மகேஸ்வரியின் முகம் மாறியது. அரைமணி நேரம் வைக்க வேண்டும். ஒருநாள் முதுகு வலிக்கிறது என்று கன்னியம்மா முனகியதால் சீக்கிரம் இறக்கிவிட்டிருக்கிறாள்.

அன்று மத்தியானம் வராந்தாக் குழாயடியில், மூக்குக் குழாய்க்குள் சாப்பாடு ஏற்றும் ஊசிக்குழலைக் கழுவிக்கொண்டே அவள் அழுதாள். "என்னாலதான் மாமா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க அத்தனு சொல்லியிருக்கணும்" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. கீழே போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அந்த டீயின் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது.

மறுநாள் குமரன் ஒரகடத்தில் ஷிப்டு முடித்து நேராக வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. அம்மாவைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் பெண்டாட்டியிடம் எகிறினான். ஒரு கட்டிலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, வீட்டில் வேறு என்ன வேலை என்று. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சின்னஞ்சிறு தப்பு ஒன்று அவள் கையில் இருந்ததால், பெரிய தப்பும் தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பழைய பக்கங்களுக்குப் போகவில்லை. அங்கே இடம் இருந்தது, சொருகியிருக்கலாம். அன்றைய பக்கத்திலேயே எழுதினேன். நான்கு நாள், காலை எட்டு மணி வாக்கில், நீராகாரம், தலா மூன்று மடக்கு. எப்படி இருந்தாள் என்ற கட்டத்தில், இருமவில்லை. யார் கொடுத்தது என்ற கட்டத்தில், நான். வாயால் சொல்லத் துணிவில்லாமல் நோட்டை மகேஸ்வரி கையில் கொடுத்தேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். குமரனிடம் கொடுத்துவிட்டு ஊசிக்குழலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

குமரன் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான். "இன்னா நைனா இது" என்றான். பிறகு எழுந்து குழாயடிப் பக்கம் போனான். அவன் அவளிடம் என்ன பேசினான் என்பது என் நோட்டில் இல்லை. அது என் நோட்டுக்கு உரியதும் அல்ல.

டாக்டரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிலருக்கு இந்த நோயில் தண்ணீர் நுரையீரலுக்குப் போனாலும் இருமல் வராது, உடம்பு எச்சரிக்காது என்று விளக்கினார். மெலிசானது வேகமாக ஓடும், தொண்டையின் கதவு சாத்துவதற்குள் உள்ளே போய்விடும். கெட்டியானது மெதுவாக வரும், கதவுக்கு அவகாசம் கிடைக்கும். "உங்க வீட்டம்மாவுக்கு வாய்வழியா ஆரம்பிக்கும்போது கெட்டிதான் முதல்ல. தண்ணி கடைசி" என்றார்.

தண்ணீர்தான் கடைசிப் படி. பஸ்ஸிலும் வீட்டிலும் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மகேஸ்வரி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. சோற்றுத் தட்டு வரும், அதோடு ஒரு 'ணங்' வரும். மூன்றாம் நாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "மாமா, இனிமே அத்தைக்கு இன்னா குடுக்கறதா இருந்தாலும் என்னையும் வச்சிக்கினு குடுங்க. தப்பானாலும் ரெண்டு பேரு தப்பா இருக்கட்டும்."

கன்னியம்மாவுக்குப் பேச்சு குழறும். ஒரு சொல்லை வெளியே தள்ள முகம் முழுவதும் வேலை செய்ய வேண்டும். இடது கையைத் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நா... தான்... கேட்டேன்" என்றாள்.

கரண்டியைச் சாய்த்துப் பார்

வாரம் இரண்டு தடவை ஜெனிஃபர் வர ஆரம்பித்தாள். பேச்சும் விழுங்கலும் சொல்லிக்கொடுப்பவள், உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். மோவாயை நெஞ்சைப் பார்த்துத் தாழ்த்த வேண்டும். ஒரு வாய் வாங்கியதும் முழு பலத்தோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் "ஆ" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் தெளிவாக இருந்தால் தொண்டை காலி. ஈரமாக, களகளவென்று கேட்டால் அங்கே ஏதோ நிற்கிறது என்று பொருள், அடுத்த வாய் கொடுக்கக்கூடாது. இருமலை நம்ப முடியாது, குரலைத்தான் நம்ப வேண்டும்.

தண்ணீரைக் கெட்டியாக்க டப்பாவில் ஒரு மாவு கொண்டுவந்தாள். கன்னியம்மா ஒரு வாய் வாங்கி, ஜெனிஃபரின் முகத்தை மரியாதையோடு பார்த்து, துணியில் துப்பினாள். மறுதடவை வாயே திறக்கவில்லை. அந்த வாய் திறக்காவிட்டால் மூக்குக் குழாய்தான் கதி. விழுங்கப் பழகி, இரண்டு வாரம் வயிற்றுக்கு வேண்டியதை வாய்வழியாகவே சாப்பிட்டால்தான் எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தக் குழாய் அவளை வேறு மாதிரியும் வதைத்தது. பார்க்க வருகிறவர்கள் வந்தால் முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொள்வாள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தவர்கள், முகத்தைப் பார்க்காமலே போனார்கள்.

"அம்மா வழக்கமா கெட்டியா சாப்புடறது ஏதாச்சும்?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"கூழு" என்றாள் மகேஸ்வரி.

கேழ்வரகுக் கூழ். ஆனால் வழக்கமாகச் சேர்க்கும் நொய்யரிசி கூடாது, பருக்கை தனியாக நிற்கும். கட்டி தட்டக்கூடாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. வழுக்கி ஒரே கொத்தாக விழ வேண்டும். ஜெனிஃபர் கரண்டியைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு எல்லம்மா உள்ளே வந்தாள். ஊரில் நடவுக்கு ஆள் சேர்ப்பவள், கன்னியம்மாவுக்குத் தங்கை முறை. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கரண்டிய சாச்சிப் பாக்கறதுக்கு ஒரு படிப்பா? எங்க யக்கா பக்கத்து வூட்ல கொதிக்கிற சத்தம் கேட்டே பதம் சொல்லுவா" என்றாள்.

அது பொய்யில்லை. ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். முதல் நாள் சாயங்காலம் பெரிய அண்டாவில் காய்ச்சும்போது, கன்னியம்மா கையை நனைத்துக்கொண்டு மேலே தொட்டுப் பார்ப்பாள். கையில் ஒட்டாவிட்டால் வெந்தது. அவள் சொன்னால்தான் இறக்குவார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கூழ் கிளறும் வேலை எனக்கு வந்தது. மகேஸ்வரிக்குத் துணியும் மருந்தும் பயிற்சியும் சரியாக இருந்தன. நான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுப்பைக் கூடத்துக்கே கொண்டுவந்தோம், கட்டிலிலிருந்து அவளுக்குத் தெரியும்படி. முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்த மாவு. ஒரு கையால் ஊற்றி மறுகையால் கிளற வேண்டும் என்பது அறுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் கோலிக்குண்டு மாதிரி கட்டிகள். மகேஸ்வரி வடிகட்டினாள், வடிகட்டியில் தங்கியதுதான் அதிகம். இரண்டாம் நாள் அடிபிடித்தது. கன்னியம்மா இடது கையை உயர்த்தி ஆட்காட்டி விரலைச் சுழற்றுவாள், அப்படியென்றால் வேகமாக. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தீயைக் குறை. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு ஒருநாள் மேலெல்லாம் தெறித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது, சத்தம் முழுசாக வந்தது.

நல்ல கூழ் ஏழாம் நாளோ எட்டாம் நாளோ வந்தது. கரண்டியைச் சாய்த்தேன், வழுக்கி விழுந்தது. மோவாயைத் தாழ்த்தி வாங்கினாள். விழுங்கினாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஆ."

தெளிவாக இருந்தது. அடுத்த வாய் மகேஸ்வரி கொடுத்தாள். அத்தை தனியாகச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவளும் "ஆ" என்றாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கன்னியம்மா விழுங்கினால் வீட்டில் இருக்கிற எல்லாரும் "ஆ" என்போம். குமரன் ஷிப்டு முடித்து வந்து சாப்பிடும்போது, தன் சோற்றுக்கே மறதியாக "ஆ" என்றான்.

வைகாசி முழுவதும் நோட்டில் கூழ்தான். ஐந்து கரண்டி, எட்டு, பன்னிரண்டு. அவளுக்குக் கொடுக்கக்கூடாத மோர் மிளகாயை வறுத்தால் அவள் முகம் தெருவைப் பார்த்துத் திரும்பிவிடும். அதனால் நான் மோர் மிளகாயைக் கொல்லையில் நின்று தின்றேன். ஆனி கடைசியில் குழாயை எடுத்தார்கள். மூக்கில் அது பதிந்திருந்த தடத்தை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இன்னும் கூடாது.

பதினொரு சொம்பு

ஆடி பிறந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கோயில் கூழ்.

நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். கோயில் கூழ் அவளுக்கு ஆகாது. முதல் நாள் காய்ச்சியதை மறுநாள் காலை கரைப்பார்கள். வீட்டுக்கு ஒரு சொம்பு மோர், தெருவில் பதினொரு வீடு. எல்லாம் ஊற்றிக் கரைத்தால் டம்ளரில் குடிக்கிற பதத்துக்கு ஓடும். நொய் வேறு போடுவார்கள். மோர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாமே என்றால், முடியாது. கரைத்து அம்மனுக்குப் படைத்த பிறகுதான் யாரும் தொடுவார்கள். முன்னால் எடுத்தால் அது வெறும் கூழ், பிரசாதம் இல்லை.

"இந்த வருஷம் கும்பிட்டுட்டு வந்துடலாம். வூட்ல நான் செஞ்சித் தர்றேன்" என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பங்குனியிலிருந்து அவள் தெருவில் யாரோடும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூன்று மடக்கு என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லம்மாவும் இன்னொரு பெண்ணும் வந்து, கன்னியம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டதற்கு, "பதம் பாக்க வேணாமா?" என்றாள் எல்லம்மா. அண்டாவருகே இறக்கினார்கள். இடது கையை நனைத்துவிட்டார்கள். கன்னியம்மா தொட்டாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். அண்டாவை இறக்கினார்கள்.

ஞாயிறு காலை நான் தயக்கத்தோடுதான் கூட்டிப் போனேன். பையில் நோட்டு, வீட்டுக் கூழ் ஒரு டிபன் டப்பாவில். வேப்பிலை கட்டிய பந்தல். மகேஸ்வரி எங்கள் வீட்டு மோர்ச் சொம்போடு முன்னால் போயிருந்தாள்.

பெண்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் மோர் ஊற்றவில்லை. சொம்புகள் கோயில் படியில் வரிசையாக இருந்தன. எண்ணினேன், பதினொன்று. எல்லம்மா கொஞ்சமே கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினாள். பிறகு அந்தப் பெரிய அகப்பையை நிறைய எடுத்து உயரத் தூக்கிச் சாய்த்தாள். வழுக்கி, ஒரே கொத்தாக, 'தொப்' என்று விழுந்தது. நொய் ஒரு பருக்கைகூட இல்லை. எல்லம்மா மகேஸ்வரியைப் பார்த்தாள். மகேஸ்வரி தலையாட்டினாள்.

அப்படியே படைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பிறகுதான் மோர்ச் சொம்புகளைப் பக்கத்தில் வைத்து, மெலிசாக வேண்டும் என்கிறவர்கள் தங்கள் பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

மேலத்தெருவிலிருந்து வருஷா வருஷம் முதல் ஆளாக வரும் ஒருவர் தூக்குச்சட்டியை நீட்டினார். உள்ளே விழுந்ததை எட்டிப் பார்த்தார். "இன்னா எல்லம்மா, களி மாதிரி கீது. கூழு ஊத்தறீங்களா, உருண்ட புடிக்கறீங்களா?" என்றார்.

எல்லம்மா அகப்பையை விடவில்லை. "இந்த வருசம் ஆத்தா கெட்டியாதான் கேட்டா. பேஜார் பண்ணாம வாங்கிக்கினு போ."

கன்னியம்மாவை நேராக நிமிர்த்தி உட்காரவைத்தோம். முதல் வாயை எல்லம்மா கொடுத்தாள். என் கை பையில் இருந்த டிபன் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தது. கன்னியம்மா மோவாயைத் தாழ்த்தினாள். கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது.

"ஆ" என்றாள் கன்னியம்மா.

கிணற்று நீரில் கல் தெரிகிற மாதிரி அவ்வளவு தெளிவு. "ஆ" என்றாள் மகேஸ்வரி. எல்லம்மா தன் கையில் ஒரு வாய் வழித்துப் போட்டுக்கொண்டு "ஆ" என்றாள். வரிசையில் நின்றவர்களும் காரணம் தெரியாமலே சொன்னார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். இடது கால் கட்டை விரல் ஆடிக்கொண்டிருந்தது.

நோட்டை எடுத்துப் பக்கத்தின் தலையில் அன்றைய தேதியைப் போட்டேன், அந்த நோட்டில் முதல் தடவையாக. காலை பத்தேகால். கூழ், கெட்டி. ஆறு கரண்டி. குரல் தெளிவு. கடைசிக் கட்டத்தில், யார் கொடுத்தது என்ற இடத்தில், கொஞ்சம் யோசித்து, 'தெரு' என்று எழுதினேன்.

கன்னியம்மா தலையைச் சாய்த்து அதைப் படித்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இடது கையால் என் பேனாவைத் தட்டினாள்.

"எல்லம்மா... பேரு... எழுதுங்க. இல்லனா... சண்டைக்கி... வருவா."

பங்குனிக்குப் பிறகு அவள் பேசியதில் அதுதான் நீளமானது. எல்லம்மா பெயரை எழுதினேன். பிறகு என் பங்குக் கூழை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். படியில் மோர்ச் சொம்புகள் இருந்தன. நான் ஊற்றிக்கொள்ளவில்லை.